குட்டியைத் தூக்கும் முன்னே கொஞ்சம் நில்லுங்க



இந்த மாதப் பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. பண்டிகையைப் பற்றியோ கோயில் வரலாற்றைப் பற்றியோ இல்லை. நாம் தினமும் தெருவில் பார்க்கிற பூனைகளைப் பற்றியது. "இதுக்கெல்லாம் ஒரு பாடமா?" என்று சிரிக்காதீங்க. நானும் அப்படி நினைத்தவன்தான். நான் செய்த ஒரு தப்பிலிருந்துதான் இந்தப் பாடம் ஆரம்பிக்கிறது.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நடந்தது. ஒரு சாயங்காலம் ஆய்வுக்கூட வேலை முடிந்து விடுதிக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கிருந்து மெல்லிய சத்தம். குனிந்து பார்த்தால் மூன்று பூனைக்குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. தாய்ப் பூனையைக் காணோம். மழை வரும் போலவும் இருந்தது. மனசு கேட்கவில்லை. துண்டில் சுற்றி அறைக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

கடையில் ஒரு பெட்டிப் பால் வாங்கினேன். கைக்குழந்தையைப் பிடிப்பது போல மல்லாக்கப் பிடித்து, சொட்டு மருந்துக் குழாயால் பால் புகட்டினேன். கூட்டாளிகள் எல்லாரும் வந்து படம் எடுத்தார்கள். "உனக்குப் புண்ணியம்டா" என்றான் ஒருவன். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்கு இராத்திரி முழுக்க எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு பூனை கத்திக்கொண்டே சுற்றி வந்தது. அது யாரைக் கூப்பிடுகிறது என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு குட்டி செத்துப்போனது. இராத்திரி இன்னொன்று. மூன்றாவதை எடுத்துக்கொண்டு விலங்கு மருத்துவரிடம் ஓடினேன். அவர் மூன்று கேள்விகள்தான் கேட்டார். "தாய் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்தீங்க? என்ன பால் கொடுத்தீங்க?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதற்கு, ஐந்து நிமிஷம்கூட இல்லை. மூன்றாவதைக் கேட்டதும் அவர் தலையை ஆட்டினார். பசும்பால் குட்டிகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, மல்லாக்கப் பிடித்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று விளக்கினார். பிறகு, "தாய் இன்னும் அங்கேதான் சுத்திக்கிட்டு இருக்கும். கொண்டுபோய் வைத்துப் பாருங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அதே மேசைகளுக்கு அடியில், ஓர் அட்டைப் பெட்டியில் குட்டியை வைத்துவிட்டுத் தூரமாகப் போய் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்தது. பெட்டியை முகர்ந்து பார்த்தது. குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அது காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் காத்திருக்கவில்லை.

சமய வகுப்பில் மார்ஜார நியாயம், மர்க்கட நியாயம் என்று படித்திருப்பீர்கள். வைணவ ஆச்சாரியர்கள் சரணாகதியை விளக்கச் சொல்லும் இரண்டு உவமைகள் அவை. குரங்குக்குட்டி தன் தாயைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றுமே செய்யாது. தாயே வந்து கவ்வித் தூக்கிப் போகும். அது மார்ஜார நியாயம். தென்கலையார் இறைவனின் அருளுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது இந்தப் பூனையைத்தான். அந்தப் பாடத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த நான், கண்ணெதிரே ஒரு தாய் அதைச் செய்ய விடாமல் குறுக்கே போய் நின்றிருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன். இரக்கம் மட்டும் போதாது, எப்படி உதவுவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். நான் பிறகு கற்றுக்கொண்டதை ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. முதலில் நில்லுங்க, பாருங்க

குட்டிகள் தனியாகக் கிடந்தால் அவை அநாதை என்று அர்த்தமில்லை. தாய் இரை தேடப் போயிருக்கலாம். குட்டிகளை ஒவ்வொன்றாக வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம். நீங்கள் பக்கத்தில் நிற்பதாலேயே வராமல் ஒளிந்திருக்கலாம். சில மணி நேரம் கழித்துத் திரும்புவது சாதாரண விஷயம்.

குட்டிகளைப் பார்த்தாலே கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். வயிறு உருண்டையாக, உடம்பு சுத்தமாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு அமைதியாகத் தூங்கினால் தாய் கவனித்துக்கொண்டிருக்கிறது. உடம்பு சில்லென்று, அழுக்காக, விடாமல் கத்திக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து.

தாய் வந்து போகிறதா என்று தெரிய ஒரு சுலபமான வழி உண்டு. குட்டிகளைச் சுற்றித் தரையில் கொஞ்சம் கோதுமை மாவைத் தூவிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது மாவில் காலடித் தடம் இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது.

இடம் ஆபத்தாக இருந்தால் என்ன செய்வது? உதாரணமாக, லொங்காங்கில் கிடக்கின்றன, மழை வரப் போகிறது. அப்போது தூக்கலாம். ஆனால் வீட்டுக்கு இல்லை. சில அடி தூரத்தில், நனையாத ஒரு மேடான இடத்தில், ஒரு பெட்டியில் வையுங்கள். குட்டியின் சத்தம் தாய்க்குக் கேட்க வேண்டும். "மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காது" என்று பாட்டிமார் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நான் தூக்கி வந்து, இரண்டு நாள் கழித்துத் திருப்பி வைத்த குட்டியையே அந்தத் தாய் சேர்த்துக்கொண்டது.

2. உண்மையிலேயே தாய் இல்லை என்றால்

தாய் விபத்தில் செத்துவிட்டது, அல்லது யாரோ குட்டிகளைப் பையில் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அப்போது பொறுப்பு நம்முடையது. முதலில் வயதைக் கணியுங்கள். கண் மூடியிருந்தால் பிறந்து ஏறக்குறைய பத்து நாளுக்குள். கண் திறந்து தள்ளாடினால் இரண்டு, மூன்று வாரம். நன்றாக நடந்தால் நான்கு வாரம். ஓடி விளையாடித் தானே சாப்பிட்டால் ஆறு வாரத்துக்கு மேல்.

சின்னக் குட்டிக்கு முதல் தேவை சூடு. பாலைப் பிறகு பார்க்கலாம். நான்கு வாரம் ஆகும்வரை அதனால் தன் உடம்புச் சூட்டைச் சரியாகக் காக்க முடியாது. உடம்பு சில்லிட்டிருக்கும்போது பால் கொடுத்தால் செரிக்காது, உயிருக்கே ஆபத்து. ஒரு போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும்.

பிறகு பால். விலங்குப் பொருள் விற்கும் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால் மாவு கிடைக்கும். அதைத்தான் வாங்க வேண்டும். இளஞ்சூடாக, குட்டியைக் குப்புறப் படுக்க வைத்து, தாயிடம் குடிப்பது போலத் தலையை இலேசாக நிமிர்த்திக் கொடுங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, இராத்திரியிலும்தான். குடித்து முடித்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தை மெல்லத் தடவிவிட வேண்டும். அப்போதுதான் சிறுநீரும் மலமும் வரும். தாய் நாக்கால் செய்கிற வேலை அது.

சமையலறைத் தராசில் தினமும் எடை பாருங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராமாவது ஏறினால் நல்லது. ஏறாமல் நின்றால் அல்லது குறைந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அளவு குறிப்பது மாதிரி ஒரு தாளில் நேரம், பால் அளவு, எடை மூன்றையும் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் செய்ய முடியாது என்று தோன்றினால் வெட்கப்பட வேண்டாம். மருத்துவரையோ அனுபவம் உள்ள பூனை வளர்ப்போரையோ முதல் நாளே கூப்பிடுங்கள். "நானே பார்த்துக்கிறேன்" என்ற பிடிவாதத்துக்கு விலை கொடுப்பது நாமல்ல, குட்டிதான்.

3. சோறு போடுவது பாதி உதவிதான்

கிள்ளானில் எங்கள் பிளாட்டின் கீழ்மாடியில் ஒரு மலாய் மக்சிக் இருக்கிறார். தினமும் காலையில் பூனைகளுக்குச் சாப்பாடு போடுவார். நான் சின்னப் பையனாக இருந்தபோது நான்கு பூனைகள் இருந்தன. இடைநிலைப்பள்ளி முடிக்கும்போது இருபதுக்கு மேல். மேல்மாடிக்காரர்களுக்குக் கோபம், கார் மேலே காலடித் தடம், படிக்கட்டில் நாற்றம், தினமும் சண்டை. அவர் மனசு நல்ல மனசு. அப்புறம் எங்கே கோளாறு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பெண் பூனை நான்கு, ஐந்து மாதத்திலேயே சினையாகிவிடும். கர்ப்பம் ஒன்பது வாரம்தான். ஓர் ஈற்றுக்கு ஏறக்குறைய நான்கு குட்டி. குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகலாம். இன்னொன்றும் இருக்கிறது. பகல் பொழுது நீளமாக இருக்கும் காலத்தில்தான் பூனைக்குப் பருவம் வரும். குளிர் நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் ஓய்வு கிடைக்கும். நம் நாடு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். ஆகவே நம் ஊர்ப் பூனைக்கு ஓய்வுக் காலமே இல்லை. ஆண்டுக்கு மூன்று ஈற்று என்றால் ஒரே பூனையிடமிருந்து பன்னிரண்டு குட்டிகள்.

அந்தப் பன்னிரண்டும் பிழைப்பதில்லை. சளி, வயிற்றுப்போக்கு, கார் சக்கரம், நாய் என்று பாதி வழியிலேயே பல போய்விடும். இதுதான் நாம் பார்க்காத பக்கம். கருத்தடை இல்லாமல் சோறு மட்டும் போட்டால், குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிற கதைதான்.

சோற்றைப் பற்றி இன்னொரு விஷயம். நம்மில் பலர் சைவம். வீட்டில் மிஞ்சிய தயிர்ச்சோறும் சாம்பார்ச்சோறும் பூனைக்கு வைப்போம். நாம் சைவமாக இருக்கலாம், பூனையால் முடியாது. அதன் கண்ணுக்கும் இருதயத்துக்கும் டாரின் என்ற சத்து அவசியம். அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. தொடர்ந்து கிடைக்காவிட்டால் பார்வை போகும், இருதயம் பலவீனமாகும். வீட்டில் மீன் வைக்க முடியாதவர்கள் கடையில் விற்கும் பூனை பிஸ்கட் வாங்கிப் போடலாம். அதில் அந்தச் சத்தைச் சேர்த்திருப்பார்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த கறிச்சோறு வேண்டாம். இரண்டுமே பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். வெந்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

போடுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரே இடம், ஒரே நேரம். படிக்கட்டிலும் அடுத்தவர் வாசலிலும் வேண்டாம். அரை மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்து, இடத்தைக் கழுவிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் எலி வரும், கரப்பான் வரும், பிறகு நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போகும். ஒரு கிண்ணம் தண்ணீர் மறக்க வேண்டாம். ஒரே நேரத்தில் போட்டால் எத்தனை பூனை இருக்கின்றன, எது நொண்டுகிறது, எது வரவில்லை என்று உங்களுக்கே தெரியும். அடுத்த வேலைக்கு அந்தக் கணக்குத் தேவைப்படும்.

4. பிடித்து, கருத்தடை செய்து, அதே இடத்தில் விடுவது

முதலில் தெருவில் இருக்கிற பூனை தெருப்பூனைதானா என்று பாருங்கள். கழுத்துப்பட்டை இருக்கிறதா, மனிதரைக் கண்டால் ஓடி வந்து உரசுகிறதா, முடி சுத்தமாக இருக்கிறதா? அப்படியென்றால் வழி தவறிய வீட்டுப் பூனையாக இருக்கலாம். தாமான் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கேளுங்கள். மருத்துவரிடம் கொண்டுபோனால் தோலுக்கடியில் அடையாளச் சில்லு இருக்கிறதா என்று கருவி வைத்துப் பார்ப்பார்.

காதையும் பாருங்கள். ஒரு காதின் நுனி, பெரும்பாலும் இடது காது, நேராக வெட்டியது போல இருந்தால் அதற்கு ஏற்கெனவே கருத்தடை ஆகிவிட்டது என்று அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே செய்வதால் அதற்கு வலி தெரியாது. அதே பூனையை மறுபடியும் பிடித்து வயிற்றைக் கிழிக்காமல் இருப்பதற்குத்தான் அந்த அடையாளம்.

கருத்தடை ஆகாத பூனைக்கு வேலை இப்படி நடக்கும். முதலில் கிளினிக்கில் நாள் குறித்து, கட்டணத்தைக் கேட்டு வையுங்கள். கிளினிக்குக்குக் கிளினிக் வேறுபடும். விலங்கு நலச் சங்கங்களும் சில இடங்களில் கட்டணம் குறைத்துச் செய்ய உதவுகின்றன. கையால் துரத்திப் பிடிக்காதீர்கள். பூனைக்கென்று பொறிக்கூண்டு இருக்கிறது, இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள். முதல் நாள் இரவிலிருந்து அங்கே யாரும் சோறு போடக்கூடாது. பசியில்தான் கூண்டுக்குள் போகும். மயக்க மருந்துக்கும் வெறும் வயிறு வேண்டும், எத்தனை மணி நேரம் என்று மருத்துவரே சொல்வார். கூண்டு மூடியதும் மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள். இருட்டானதும் பூனை அடங்கிவிடும். கூண்டை வெயிலில் வைக்காதீர்கள், தனியாக விட்டுவிட்டும் போகாதீர்கள்.

அறுவை முடிந்ததும் உடனே தெருவில் விடக்கூடாது. மயக்கம் முழுசாகத் தெளிய வேண்டும். ஆண் பூனை சீக்கிரம் தேறிவிடும், பெண் பூனைக்குக் கூடுதல் நாள் ஓய்வு தேவை. பால் கொடுக்கும் தாய் என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதன் குட்டிகள் எங்கோ காத்துக்கொண்டிருக்கும்.

கடைசியில், பிடித்த இடத்திலேயே விட வேண்டும். "பசார்ல கொண்டுபோய் விட்டா மீன் தின்னு பொழச்சுக்கும்", "கோயில்ல விட்டா பிரசாதம் கிடைக்கும்" என்பது நம் ஊர்ப் பழக்கம். தயவுசெய்து வேண்டாம். பூனைக்குத் தன் எல்லைதான் உலகம். புது இடத்தில் அங்கே இருக்கிற பூனைகள் அதை அடித்து விரட்டும். பழைய இடத்தைத் தேடி நடந்து ரோட்டில் அடிபடும். நாம் கண்ணால் பார்க்கவில்லை என்பதற்காக அது பிழைத்துக்கொண்டது என்று ஆகிவிடாது.

இதைச் சொன்னபோது என் அம்மா கேட்டார்: "குட்டி போடறத நிறுத்தறது பாவம் இல்லையாடா?" நல்ல கேள்வி. நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. அவரைக் கூட்டிப்போய் பிளாட்டுக்குப் பின்னால் லொங்காங்கில் மிதந்த குட்டியைக் காட்டினேன். திருக்குறளில் அருளுடைமை என்றும் கொல்லாமை என்றும் தனித்தனி அதிகாரங்கள் இருக்கின்றன. கொல்லாமல் இருப்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை, அருள் என்று ஒன்றும் வேண்டும். வள்ளலார் ஜீவகாருண்யம் என்று சொன்னதும் உயிர்கள் படும் துன்பத்தை நீக்குவதைத்தான். பிறந்து பத்தே நாளில் பசியிலும் நோயிலும் சாகப் போகிற உயிர்களைத் திரும்பத் திரும்பப் பிறக்க விடுவது எனக்கு அருளாகத் தெரியவில்லை. உங்களில் சிலருக்கு வேறு கருத்து இருக்கலாம். கீழே கேள்விகளில் அதையும் வைத்திருக்கிறேன். அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் கருத்தடைச் செலவுக்கு என் கையில் ஐம்பது ரிங்கிட் வைத்தார்.

5. அடிபட்ட பூனை, நம்முடைய பாதுகாப்பு

ரோட்டில் அடிபட்டுக் கிடந்தால் ஒருவர் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் பூனையிடம் போக வேண்டும். வலியில் இருக்கும் பூனை யாரையும் கடிக்கும். தடித்த துண்டைப் போட்டு முழுசாக மூடி, உடம்பை வளைக்காமல் பெட்டிக்குள் வையுங்கள். தாய் கவ்வுகிறதே என்று பெரிய பூனையைப் பிடரியைப் பிடித்துத் தூக்காதீர்கள். சோறு, தண்ணீர், மருந்து எதுவும் கொடுக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

மருந்து என்றதும் இதை நன்றாக நினைவில் வையுங்கள்: பூனைக்குப் பனடோல் விஷம். ஒரே ஒரு மாத்திரை போதும், உயிர் போய்விடும். காய்ச்சல் என்று நினைத்துப் பாசத்தில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாய்க்குப் போடும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அதுவும் பூனைக்கு விஷம்.

நம்மையும் காத்துக்கொள்ள வேண்டும். பூனையின் முகத்திலோ காலிலோ ஆறாத புண் இருந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய் கீறல் வழியாக மனிதருக்குப் பரவும், நம் நாட்டில் இது இருக்கிறது. கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். 2017-ல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியதை மறந்துவிட வேண்டாம். அது நாய் மூலம்தான் அதிகம் பரவுகிறது, ஆனால் பூனைக்கும் வரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனை மலத்தை அவர் சுத்தம் செய்யக்கூடாது.

இயந்திரவியல் படிக்கிறவன் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். மழை நாளில் குட்டிகள் சூட்டுக்காகக் காரின் எஞ்சின் பக்கம் ஏறிப் படுத்துக்கொள்ளும். அப்படியே எஞ்சினை முடுக்கினால் காற்றாடியும் பெல்ட்டும் சுற்றும்போது என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம். காலையில் வண்டி எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள். அப்பா, அண்ணனிடமும் சொல்லி வையுங்கள். ஐந்து வினாடி வேலை.

6. சட்டமும் நம் பக்கம் இருக்கிறது

2018-ல் கோம்பாக்கில் ஒரு சுயசேவைச் சலவைக் கடையில் கர்ப்பமான பூனையை உலர்த்தும் இயந்திரத்துக்குள் போட்டுக் கொன்ற சம்பவம் பலருக்கு நினைவிருக்கும். கடையின் கேமராவில் பதிவாகியிருந்தது. வழக்கு நடந்து, சிறைத் தண்டனையும் கிடைத்தது. நம் நாட்டு விலங்கு நலச் சட்டம் 2015-ன்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட்வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். கொடுமையைக் கண்டால் சண்டைக்குப் போகாதீர்கள். தேதி, நேரம், இடம், வண்டி எண் குறித்துக்கொண்டு, படம் இருந்தால் அதோடு கால்நடைச் சேவைத் துறையிடம் புகார் கொடுங்கள். உங்கள் வீடியோவைச் சமூக ஊடகத்தில் போடுவதைவிட முதலில் அவர்களிடம் கொடுப்பது நல்லது.

நம் கிளை என்ன செய்யலாம்?

எல்லாப் பூனையையும் நாம் காப்பாற்ற முடியாது. ஒரு கிளை, ஒரு தெரு என்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்து பேர் போதும். ஒருவர் பூனைகளைப் படம் எடுத்துக் கணக்கு எழுதட்டும். ஒருவர் கிளினிக்கோடு பேசட்டும். இரண்டு பேர் கூண்டு, வண்டி வேலை. ஐந்தாவது ஆள் முக்கியம்: அக்கம்பக்கத்தாரிடம் பேசுகிறவர். ஏற்கெனவே சோறு போடும் மக்சிக், ஆன்டி, அங்கிள் யாராவது கட்டாயம் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிக்கொண்டு போகாதீர்கள். "உங்க பூனைகளுக்கு நாங்களும் கொஞ்சம் உதவட்டுமா?" என்று போங்கள். பூனைகள் அவர்களிடம்தான் வரும். எந்தப் பூனைக்கு எந்தப் பூனை பிறந்தது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் பிளாட்டில் அப்படித்தான் ஆரம்பித்தோம். மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று போனோம். முதலில் பெண் பூனைகள். மக்சிக்கே கூண்டுக்குள் கெம்போங் மீன் வைத்துக் கூப்பிட்டார், எங்களிடம் வராத பூனையெல்லாம் அவர் குரலுக்கு வந்தது. இன்னும் முடியவில்லை. ஆனால் இந்த ஆண்டு படிக்கட்டுக்குக் கீழே புதுக் குட்டி எதுவும் இல்லை. மேல்மாடி அங்கிள் இப்போது மக்சிக்கிடம் காலையில் வணக்கம் சொல்கிறார்.

விடுதியில் அந்தச் சாம்பல் பூனை இன்னும் இருக்கிறது. அதன் குட்டியை நன்றாக வளர்த்தது. குட்டி தானே சாப்பிட ஆரம்பித்த பிறகு நாங்கள் நான்கு பேர் காசு சேர்த்துத் தாயைக் கருத்தடைக்குக் கொண்டுபோனோம். பிறகு குட்டிக்கும் செய்தோம். இரண்டுக்கும் இடது காது நுனி இல்லை. சாயங்காலம் சாப்பாட்டுக் கடைப் பக்கம் போனால் இரண்டும் உடைந்த மேசை மேல் உட்கார்ந்திருக்கும். என்னைக் கண்டால் தாய் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய்விடும். அது போகட்டும், நான் பிஸ்கட்டை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

வகுப்பில் கலந்து பேச:

1. உங்கள் வீட்டைச் சுற்றி எத்தனை பூனைகள் இருக்கின்றன? அதில் எத்தனைக்குக் காது நுனி வெட்டியிருக்கிறது? இந்த வாரம் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

2. பூனைக்குக் கருத்தடை செய்வது அருளா, இயற்கையில் தலையிடுவதா? இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்களிடமும் கேட்டு வாருங்கள்.

3. நல்ல எண்ணத்தோடு செய்து, தப்பாகப் போன உதவி ஒன்று உங்கள் வாழ்க்கையில் உண்டா? அங்கே எந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்த்திருக்கலாம்?